உப்புக்காற்றிலும் உச்சிவெயிலிலும் கைப்பேசி ஒளிப்படம்: இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை தட்டையானது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எங்கே நின்றாலும், படத்திற்குப் பின்னணியாக ஒரு மலை வந்து கைகொடுக்காது. மணலும் நீரும் வானமும் மூன்று பட்டைகளாக நீண்டு கிடக்கும். அதன்மேல் வெளிச்சமோ மிகக் கடுமையானது. இவ்விரண்டையும் சந்திக்கும்போது கைப்பேசியின் தானியங்கி முறை எல்லாவற்றையும் ஒரே சராசரி வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து, நிழலைத் தூக்கி, வானத்தை வெளுக்கடித்து, எந்த ஊர்க் கடற்கரை என்று சொல்ல முடியாத ஒரு படத்தைக் கொடுத்துவிடுகிறது. எனவே இங்கே படமெடுக்கக் கற்றுக்கொள்பவர் முதலில் கற்க வேண்டியது, எது வெளிச்சமாக இருக்க வேண்டும், எது இருளாக இருக்க வேண்டும் என்ற முடிவைக் கைப்பேசியிடம் விடாமல் தாமே எடுப்பதுதான். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே அமைந்தவை. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கடந்த சில ஆண்டுகளில் வந்த இடைத்தர கைப்பேசி ஒன்று போதும்.

படி 1: புறப்படுவதற்கு முன்

கடற்கரையில் கைப்பேசி கேமராவின் முதல் எதிரி உப்பு. காற்றில் வரும் நீர்த்துளி லென்சின்மேல் காய்ந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு படலமாகப் படிகிறது. சூரியனை நோக்கி எடுக்கும் படங்களில் அது புகைமூட்டம்போல் தெரியும். வேட்டி நுனியாலோ துப்பட்டாவாலோ அழுத்தித் துடைத்தால் அதில் ஒட்டியுள்ள மணல் லென்சைக் கீறிவிடும். முதலில் மணலை ஊதி அகற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் துணி இரண்டும் ஒரு சிறு தண்ணீர் புட்டியும் பையில் இருந்தால் போதும்.

நீர் புகாத கைப்பேசி என்று விளம்பரம் செய்யப்பட்டதை நம்பிக் கடலில் முக்க வேண்டாம். அந்தத் தரச்சோதனை நன்னீரில் செய்யப்படுவது. உப்புநீர் சார்ஜ் செய்யும் துளையை அரிக்கும். வெயிலில் வெறும் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால் கைப்பேசி சூடாகித் திரையை மங்கலாக்கும், சில வேளைகளில் கேமராவையே நிறுத்திவிடும். படமெடுக்காத நேரத்தில் அதைத் துணிக்குள் சுற்றி நிழலில் வையுங்கள்.

இராமேசுவரம் கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பகுதியிலிருந்து மாலையில் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், அங்கே இரவு வானத்தை எடுக்கத் திட்டமிட வேண்டாம். உச்சிப்புளி கடற்படை விமானதளம், மண்டபம் கடலோரக் காவல்படை வளாகம் ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

படி 2: எந்தக் கரை, எந்த மாதம், எந்த நேரம்

இந்த மாவட்டத்திற்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இராமேசுவரம் மக்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். படமெடுப்பவருக்கு இந்த வேறுபாடு மிகவும் பயன்படும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆண் கடல் கொந்தளிக்கும். அதே நாளில் பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாக மாறி, பாக் நீரிணை கலங்கும். அலையும் நுரையும் வேண்டுமென்றால் ஒரு கரைக்கும், எதிரொளிப்பும் அமைதியும் வேண்டுமென்றால் மறு கரைக்கும் போகலாம். பாம்பனிலோ தனுஷ்கோடியிலோ தங்குபவர் ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்கள் கிழக்கு நோக்கியவை. ஆண்டு முழுவதும் சூரியன் அங்கே கடல்மேலேயே எழும். கீழக்கரை, ஏர்வாடிக் கரைகள் தெற்கு நோக்கியவை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கே சாய்ந்து எழுவதால் உதயம் நீருக்கு மேல் கிடைக்கும், ஆனி, ஆடியில் அது வடக்கே நகர்ந்து கரையோரப் பனைகளின் பக்கம் போய்விடும். மேகம் வேண்டுவோருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவகாலமே பொற்காலம்.

நாம் நிலநடுக்கோட்டிற்கு அருகில், சுமார் 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறோம். சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்திவெளிச்சம் நெடுநேரம் நிற்காது. சூரியன் மறைந்த பின் ஏறக்குறைய 20 நிமிடங்களில் நல்ல வெளிச்சம் முடிந்துவிடும். காலையிலும் அப்படித்தான். எனவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை முந்திய நாளே முடித்துவிட்டு, உதயத்திற்கு அரைமணி நேரம் முன்பே அங்கே நிற்க வேண்டும்.

நண்பகலில் படமே எடுக்கக் கூடாது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது நட்டுவைத்த கம்பத்திற்கு நிழலே இருக்காது. வாலிநோக்கம் உப்பளப் பாத்திகளின் வெண்மையும், ஆழமற்ற நீரின் பச்சையும் அந்த வெயிலில்தான் முழுமையாக வெளிப்படும். மனித முகங்களை மட்டும் அந்த நேரத்தில் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: கேமராவைத் தயார்செய்தல்

கேமரா அமைப்புகளில் கட்டக்கோடுகளை இயக்குங்கள். தட்டைக் கடற்கரையில் தொடுவானம் ஓர் இழை சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். அழகுபடுத்தும் வடிகட்டி, செயற்கை அறிவு வண்ணமேற்றம் ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதைத் தவிர்த்து, திரையில் தரப்பட்டுள்ள 0.5, 1, 2 போன்ற எண்களை மட்டும் பயன்படுத்துங்கள். நடுவிலுள்ள பெருக்கங்கள் பெரும்பாலும் படத்தை வெட்டி ஊதிக் காட்டுபவை.

கேமரா பதிந்த தகவலைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால், உதயம், அந்தி ஆகிய வேளைகளுக்கு மட்டும் அதை இயக்குங்கள். ஒரு கோப்பே 20 எம்.பி.க்கு மேல் இடம் பிடிக்கக்கூடும்; ஆனால் வானத்தின் வண்ணத்தையும் நிழலின் விவரத்தையும் பிறகு மீட்பதற்கு அது தரும் இடம் சாதாரண ஜேபெக் கோப்பில் கிடைக்காது.

படி 4: வெளிச்சத்தைப் பூட்டுதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பாம்பன் கரையில் விடியற்காலை, ஒரு வள்ளம் நங்கூரமிட்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் கிழக்கு சிவக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியை நீட்டியதும் அது வள்ளத்தின் உட்புறத்தைக் காட்ட முயன்று மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கும். சிவப்பு வெளிறி மஞ்சளாகும், சூரியனைச் சுற்றி வெள்ளை ஓட்டை ஒன்று விழும். இப்போது திரையில், சூரியனுக்குச் சற்றுப் பக்கத்திலுள்ள வானத்தில் விரலை வைத்து, பூட்டுக் குறி தோன்றும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஃபோகசும் வெளிச்ச அளவும் அத்துடன் பூட்டப்படும். அதன் அருகில் தோன்றும் சூரியக் குறியை மெல்லக் கீழே இழுங்கள். வானத்தின் செம்மை திரும்பி வருவதையும், வள்ளம் கருத்து ஒரு நிழலுருவாக மாறுவதையும் கண்முன்னே பார்க்கலாம். மேகத்தின் விளிம்பில் வண்ணம் தெரியத் தொடங்கிய இடத்தில் நிறுத்துங்கள்.

காரணம் எளிது. வெளிச்சத்தைப் பதியும் உணரியில் வெளுத்துப்போன பகுதியில் தகவலே பதிவதில்லை. அதை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. இருண்ட பகுதியில் தகவல் இருக்கும். கொஞ்சம் குருணை தட்டினாலும் அதைத் தூக்கிக் காட்டலாம். ஆகையால் இந்தக் கரையில் எப்போதும் படத்தின் மிக வெளிச்சமான முக்கியப் பகுதிக்கே அளவு வையுங்கள்: காலையில் வானம், பகலில் நுரை, உப்பளத்தில் உப்புக் குவியல்.

நிழலுரு எடுக்கும்போது உருவங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வள்ளத்தின் அணியமும் (முன்பகுதியும்) அதன்மேல் நிற்பவரின் காலும் தனித்தனியே தெரிய வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் கருப்புக் கட்டி ஒன்றுதான் மிஞ்சும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 5: தட்டை நிலத்திற்கு முன்புலம் தேடுதல்

நின்ற உயரத்திலிருந்து எடுத்த கடற்கரைப் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் வருமாறு பிடியுங்கள். நீர் வற்றி மணல்மேல் தேங்கி நிற்கும் உள்ளங்கையகலக் குட்டைகூட அப்போது பாதி வானத்தை ஏந்தும் கண்ணாடியாகிவிடும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை, அலையில்லாத காலைவேளையில் இப்படித் தாழ்வாக எடுத்தால் கல்லும் எதிரொளியும் சேர்ந்து ஒரே உருவமாகும். அது வழிபாட்டிடம் என்பதால், சடங்கு செய்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத பக்கமாக நில்லுங்கள்.

பாம்பனில் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலே தூக்கப்படும். எல்லோரும் சாலைப் பாலத்தின்மேல் நின்று அதைப் படமெடுக்கிறார்கள். போக்குவரத்துக்கு இடையூறு என்பது ஒருபுறமிருக்க, மேலிருந்து பார்த்தால் அதன் உயரமே தெரியாது. கீழே பாம்பன் கரைக்கு இறங்கி, 2 அல்லது 3 மடங்கு லென்சில், ஒரு நாட்டுப்படகை முன்னே வைத்து எடுங்கள். படகின் அளவே பாலத்தின் அளவைச் சொல்லிவிடும்.

கோதண்டராமர் கோயிலுக்கு அருகிலுள்ள நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் வந்திறங்கும் மாதங்களில், கைப்பேசியால் ஒற்றைப் பறவையை எடுக்க முயல வேண்டாம், எட்டாது. தொலைவில் நீளும் இளஞ்சிவப்புக் கோடாக அவற்றை அகன்ற வானத்தின்கீழ் வைத்து எடுங்கள். பறக்கும் படம் வேண்டுமென்று அவற்றை நோக்கி ஓடுவது, இரை தேடி வந்த பறவையின் வயிற்றில் அடிப்பது. அதைச் செய்யாதீர்கள்.

படி 6: நீரின் அசைவு

அலையை உறையவைக்க ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். பகலில் கைப்பேசி தானே அதைத் தேர்ந்துகொள்ளும். அலையைப் பாலாக வழியவிட கால் நொடி முதல் ஒரு நொடி வரை தேவை. பெரும்பாலான கைப்பேசிகளில் லென்சின் ஒளித்துளையின் அளவை மாற்ற முடியாது. நல்ல வெயிலில் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 50க்குக் குறைத்தாலும் ஷட்டர் நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றியே நிற்கும். ஆகவே வெளிச்சத்தைக் குறைக்கும் கருவடிகட்டி இல்லாமல் பகலில் அது நடக்காது. சூரியன் மறைந்த பின்னரே, அளவுகளை நாமே வைக்கும் புரோ முறைக்குப் போய், ஐஎஸ்ஓ 50, ஷட்டர் அரை நொடி என்று வைத்து, முக்காலியிலோ கரையில் கிடக்கும் கட்டையிலோ கைப்பேசியை நிறுத்தி, மூன்று நொடித் தாமதத்தில் எடுங்கள். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு அதை நீண்ட வெளிச்சப் பதிவாக மாற்றும் வழியும் உண்டு.

நீருக்கு அடியிலுள்ளதைக் காட்ட ஒரு மலிவான உத்தி இருக்கிறது. போலரைஸ்டு குளிர்கண்ணாடியின் ஒரு சில்லை லென்சின்மேல் ஒட்டிப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் நீர்ப்பரப்பின் பளபளப்பு மறைந்து, அடியிலுள்ள கடற்புல்லும் மணல்வரியும் தெளியும். பிச்சைமூப்பன்வலசையிலும் காரங்காட்டு அலையாத்திக் காட்டிலும் வனத்துறை நடத்தும் படகுச் சவாரிகளில் இதைச் செய்து பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. பவளத்தையோ கடலட்டையையோ எடுத்துக் கையில் வைத்துப் படம் பிடிப்பது குற்றம்.

படி 7: மனிதர்கள்

முதலில் கேளுங்கள். "அக்கா, உங்களை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, தலையசைத்த பிறகே கைப்பேசியை உயர்த்துங்கள். கடற்பாசி எடுத்துவிட்டு ஈர உடையில் கரையேறும் பெண்களையும், அக்னி தீர்த்தத்தில் நீராடுபவர்களையும், கண்ணீரோடு தர்ப்பணம் கொடுப்பவர்களையும் படமெடுக்கவே வேண்டாம். இதில் கலை, சுதந்திரம் என்று வாதிட எதுவுமில்லை.

வலை பின்னுபவரைப் படமெடுக்கும்போது போர்ட்ரெய்ட் முறையைத் தவிருங்கள். அந்த முறை பின்னணியைக் கணக்கிட்டு மங்கலாக்குகிறது. வலைக்கண்களில் எது முன், எது பின் என்று தெரியாமல் நூலைப் பாதியில் அழித்துவிடும். அதற்குப் பதிலாக 2 மடங்கு லென்சில், ஓலைக் கொட்டகையின் வாசல் பக்கமிருந்து வெளிச்சம் வருமாறு நின்று, கைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். இடது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இறுகும் நைலான் நூல், வலை ஊசி கண்ணுக்குள் புகுந்து திரும்பும் நொடி, நகக்கண்ணில் உலர்ந்திருக்கும் உப்பு: ஒரு முகப்படம் சொல்லாததை இவை சொல்லும். ஊசி திரும்பும் தருணத்தில் தொடர்பதிவாகப் பத்துப் படங்கள் எடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 8: திருத்தம்

தொடக்கத்திற்கு ஸ்னாப்சீட் என்ற திருத்தச் செயலி போதும்; அது இலவசம், ரா கோப்பையும் திறக்கும். லைட்ரூம் கைப்பேசிச் செயலியில் வசதிகள் கூடுதல். சில கருவிகளுக்குக் கட்டணம் உண்டு. மேலே சொன்ன விடியற்கால வள்ளத்தின் படத்தையே எடுத்துக்கொண்டு திருத்துவோம்.

முதலில் சுழற்றும் கருவியில் தொடுவானத்தை நேராக்குங்கள். தொடுவானம் படத்தின் நட்டநடுவே ஓடினால், வானம் சிறப்பா நீர் சிறப்பா என்று முடிவுசெய்து, சிறப்பில்லாததை வெட்டுங்கள். அடுத்து டியூன் இமேஜில் வெளிச்சப் பகுதிகளை 20 அல்லது 30 குறையுங்கள்; நிழற்பகுதிகளைத் தொடவே வேண்டாம். புதியவர்கள் நிழலைக் கண்டதும் தூக்கிவிட நினைப்பார்கள். நிழலுருவின் வலிமையே அதன் இருளில்தான் இருக்கிறது. கைப்பேசி விடியலின் இளஞ்சிவப்பைத் தவறாகக் கணித்து நீலம் கலந்திருந்தால், வெப்பத்தை 10 கூட்டுங்கள். வண்ணச் செறிவை 10க்கு மேல் ஏற்றாதீர்கள்.

பிறகு செலக்டிவ் கருவியால் சூரியனுக்குக் கீழே நீரில் விழும் ஒளிப்பாதையில் ஒரு புள்ளி வைத்து, இரு விரல்களால் அதன் வட்டத்தைச் சுருக்கி, கான்ட்ராஸ்டை மட்டும் 15 கூட்டுங்கள். மிதக்கும் பிளாஸ்டிக் உறையை ஹீலிங் கருவியால் நீக்கலாமா என்பது உங்கள் விருப்பம்; கடலின் நிலையைக் காட்டும் படமென்றால் அது அங்கேயே இருக்கட்டும்.

தனுஷ்கோடியில் வேறு வழி. 1964 டிசம்பர் 22, 23 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்கள் பவளக் கற்களால் ஆனவை. பொந்தும் வரியுமாக இருக்கும் அந்தக் கற்களில் வண்ணத்தைவிட மேற்பரப்பே முக்கியம். கருப்பு வெள்ளைக் கருவியில் சிவப்பு வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். நீல வானம் கருத்து, சுவர் முன்னே வரும். காலை, மாலை சாய்வெயிலில் எடுத்த படத்திற்கே இது பொருந்தும்.

கற்பனைப் படத்திற்கு ஒரு பயிற்சி. உலரப்போட்ட வலையை வெளிறிய வானத்தின் எதிரே, வானம் வெண்மையாகும்படி வெளிச்சத்தைக் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடலையோ, ஒப்புக்கொண்டவரின் முகத்தையோ அடிப்படமாகத் திறந்து, டபுள் எக்ஸ்போஷர் கருவியில் வலைப்படத்தைச் சேர்த்து, டார்க்கன் முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு படங்களில் எது இருண்டதோ அதுவே நிற்கும் என்பதால், வெள்ளை வானம் மறைந்து வலைக்கண்கள் மட்டும் படத்தின்மேல் விழும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வானத்தை மாற்றும் கருவியை இந்தக் கரைப் படங்களில் பயன்படுத்தாதீர்கள். வாடைக்கால வானமும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் நாளின் வானமும் வேறு வேறு. நீரின் நிறமும் அதனதன் வானத்துக்கேற்ப மாறுகிறது. வேறோர் ஊரின் அந்தியைக் கொண்டுவந்து ஒட்டினால், கடலில் இருப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

படி 9: சேமித்தலும் அனுப்புதலும்

மூலப்படத்தை அழிக்காமல், திருத்தியதைப் பிரதியாகச் சேமியுங்கள். இடமும் மாதமும் அலையின் நிலையும் கோப்பின் பெயரிலேயே இருந்தால் அடுத்த ஆண்டு அதே இடத்திற்குத் திட்டமிட உதவும். 12 மெகாபிக்சல் படத்தை 12க்கு 8 அங்குல அளவில் தாராளமாக அச்சிடலாம். படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கட்டாயம் போய்ச் சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, வலைநூலும் மணல்வரியும் மழுங்கிவிடும். டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். அவரிடம் வாட்ஸ்அப் இல்லையென்றால் ஸ்டுடியோவில் அச்சுப்போட்டு, அடுத்த முறை போகும்போது நேரில் கொடுத்துவிடுங்கள்.